வாடையோடு வரும் விருந்தினர்
(குழுவாகப் பறவை பார்த்தல் – ஒரு பாடம்)



புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில் கமக்காரரின் கண் வானத்திலேயே இருக்கும். சோளகம் ஓய்ந்துவிட்டதா, முகில் எந்தப் பக்கம் கட்டுகின்றது, குளத்துக்குத் தண்ணீர் எப்போது வரும், பெரும்போகத்துக்கு எந்த நெல்லை விதைப்பது என்பனவே அப்போது வீட்டுப் பேச்சாகும். அதே நாட்களில் அதே வானத்தின் வழியாக இன்னொரு கூட்டமும் வந்து இறங்குகின்றது. எமது குளங்களின் அலைகரையிலும் களப்புகளின் சேற்றிலும் தரவைகளிலும் வந்து தங்கி, பங்குனி சித்திரையில் திரும்பிச் செல்லும் வலசைப் பறவைகளே அவை.

இவற்றை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். ஆனால் நின்று பார்த்தவர்கள் சிலரே. இந்த இதழின் பாடம் அதுபற்றியது. ஒரு கிராமத்தைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர், வழி தெரிந்த ஒருவருடன், காலையில் இரண்டு மணி நேரம் ஒன்றாகச் சென்று பறவைகளைப் பார்த்து, எண்ணி, எழுதி வருவது எப்படி என்பதைக் கற்போம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு கொப்பியும் போதும்.

"வீடும் காணியும் நிலைப்படாத எங்களுக்குக் குருவி பார்க்க நேரம் ஏது, சுவாமி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாடத்தின் முடிவில் அதற்கு விடை சொல்ல முயல்வோம்.

1. வலசை என்றால் என்ன?

பறவைகள் குளிருக்குப் பயந்தே ஓடி வருகின்றன என்று பலர் நினைக்கின்றனர். முதன்மையான காரணம் உணவாகும். வட ஆசியாவில் கோடை காலத்தில் பகல் மிக நீண்டது. பூச்சிகளும் புழுக்களும் பெருகிக் கிடக்கும். குஞ்சு பொரித்து வளர்க்க அது நல்ல இடம். ஆவணி புரட்டாதியில் அங்கே பகல் குறுகி, பூச்சி அற்று, நீர்நிலைகள் உறையத் தொடங்கும். அப்போது அவை தெற்கே புறப்படுகின்றன.

மத்திய ஆசியா வழியாக இந்து சமுத்திரம் நோக்கி வரும் இப்பெரும் பாதை ஏறக்குறைய 30 நாடுகளைக் கடந்து செல்கின்றது. இந்தியாவைத் தாண்டிய பின் அப்பாதையின் தெற்கு முடிவை அண்டிய பெரிய தரை இலங்கையாகும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறக்குறைய 30 கிலோ மீற்றர் மாத்திரமே. எனவே மன்னார் பலவகைப் பறவைகளுக்கு நாட்டின் வாசற்படி போன்றது.

கொசு உள்ளான் என்ற சிறு பறவையை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை 25 கிராம் அளவே. அது குஞ்சு பொரிப்பது வடமுனையை அண்டிய தரிசு நிலங்களில். அங்கிருந்து எமது களப்புக்கு வர 7,000 கிலோ மீற்றர் அளவு தூரம் பறக்க வேண்டும். புறப்படும் முன் இத்தகைய பறவைகள் இரவு பகலாக உண்டு உடம்பில் கொழுப்பைச் சேர்க்கின்றன. சில இனங்கள் தம் நிறையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக் கொள்கின்றன. அந்தக் கொழுப்பே வழிச் சாப்பாடு. 2022 இல் கருவி பொருத்தப்பட்ட ஓர் இளம் மூக்கன் அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியா வரை 13,560 கிலோ மீற்றர் தூரத்தை 11 நாட்களில், எங்கும் இறங்காமல், பறந்து கடந்தது.

வழியை எப்படி அறிகின்றன? பகலில் சூரியனையும் இரவில் நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப் புலத்தையும் அவை வழிகாட்டியாகக் கொள்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உள்ளான் வகைகள் பலவற்றில் தாய் தந்தைப் பறவைகள் முதலிற் புறப்பட்டுவிடும். குஞ்சுகள் சில வாரங்கள் கழித்துத் தனியே, முன்பின் கண்டிராத நாட்டை நோக்கி வருகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இவற்றுள் பல தெரிய வந்தமைக்குப் பறவையின் காலில் வளையம் இட்டு அடையாளம் காணும் முறையும் ஒரு காரணம். டென்மார்க்கைச் சேர்ந்த மோர்ட்டென்சன் என்ற ஆசிரியர் 1899 இல் இலக்கம் பொறித்த அலுமினிய வளையங்களை இட்டு இதனை முறையாகத் தொடக்கி வைத்தார். இன்று அதே வேலையைச் சிறு மின்கருவிகள் செய்கின்றன. 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பொருத்திய ஒரு கடற்காகம் ரஷ்யாவின் வடமுனைக் கரை வரை சென்று, மறுபடியும் மன்னாருக்கே திரும்பி வந்தது.

2. எங்கே, எவற்றைப் பார்க்கலாம்?

மன்னார் தாம்போதியின் பெருநிலப்பக்கத்தில் வங்காலைச் சரணாலயம் உள்ளது. 2008 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பரப்பு 4,839 ஹெக்ரேயர். மன்னார்–மதவாச்சி வீதியோரமாகக் கட்டுக்கரைக்குளம் கிடக்கின்றது. அருவியாற்றுத் தண்ணீரைத் தேக்கத்தில் மறித்துக் கொண்டுவந்து எமது வயல்களுக்குக் கொடுக்கும் இக்குளம் 1954 முதல் சரணாலயமாகவும் இருக்கின்றது. நெல்லுக்கும் பறவைக்கும் ஒரே குளம்.

வேறு மாவட்டங்களில் உள்ளோர் கவலைப்பட வேண்டாம். கொக்கிளாய்க் களப்பு, நந்திக்கடல், சுண்டிக்குளம், இரணைமடு, தொண்டைமானாறு, மண்டைதீவுக் கரை ஆகிய இடங்களும் இப்பறவைகள் வந்து தங்கும் இடங்களே. இவை ஒன்றும் அருகில் இல்லையெனில் நீங்கள் இன்று இருக்கும் ஊரின் சிறு குளமே போதும்.

வருகை ஒரே நாளில் நடப்பதில்லை. ஆவணியிலேயே சில உள்ளான்கள் வந்துவிடும். செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் உள்ளான், மூக்கன், கோட்டான் வகைகள் பெருகும். தகைவிலான் குருவிகள் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும். வாலை மேலும் கீழும் ஆட்டியபடி வாலாட்டிக் குருவிகள் வரம்பில் ஓடித் திரியும். ஒக்ரோபரில் ஆறுமணிக் குருவி இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வரும். களைத்துப்போய் சில வேளை வீட்டுத் திண்ணையிலும் விழுந்து கிடக்கும். காலையும் மாலையும் பொழுது மாறும் நேரத்தில் குரல் கொடுப்பதால் அதற்கு இப்பெயர். ஊசிவால் தாரா, நீலச்சிறகித் தாரா, தட்டைவாய்த் தாரா முதலிய காட்டுத் தாராக்கள் மழை விழுந்து குளம் பெருகும் ஒக்ரோபர் கடைசியிலிருந்து கூட்டமாக இறங்கும். பூநாரைகள் வங்காலைப் பக்கத்துக் களப்புகளில் ரோசா நிறக் கோடு இழுத்தாற்போல் நிற்பதைக் காணலாம்.

3. கமத்துக்கு நண்பரா, பகைவரா?

கமக்காரர் கேட்கும் முதற் கேள்வி இது. நேர்மையாகப் பதில் சொல்வோம். விதைத்த வயலில் காட்டுத் தாராக்கள் இறங்கினால் விதைநெல்லுக்குச் சேதம் உண்டு. முற்றும் கதிரைக் கிளியும் நெல்லுக்குருவியும் தின்பதும் உண்மை. ஆனால் கிளியும் நெல்லுக்குருவியும் வலசை வருபவை அல்ல. அவை ஆண்டு முழுவதும் எம்முடன் வாழ்பவை.

வலசை வருபவற்றுள் பெரும்பாலானவை நெல்லைத் தொடுவதில்லை. தகைவிலான் பறந்தபடியே பூச்சி பிடிக்கும். பஞ்சுருட்டானும் அவ்வாறே. வாலாட்டி வரம்பிலுள்ள புழுப் பூச்சிகளைப் பொறுக்கும். வயலின் மேல் தாழப் பறந்து திரியும் பூனைப்பருந்து எலிகளைத் தூக்கும். எலிக்கு நஞ்சு வைக்க நாம் செலவிடும் பணத்தை எண்ணிப் பார்த்தால் இப்பருந்தின் உதவி விளங்கும்.

ஒரு வரலாற்றுப் பாடமும் உண்டு. 1958 இல் சீன அரசு தானியம் தின்கின்றது என்று ஊர்க்குருவியைப் பகையாக அறிவித்து, மக்களைத் திரட்டிக் கோடிக்கணக்கில் கொன்றது. குருவி அற்றபின் அது தின்று கட்டுப்படுத்தி வந்த பூச்சிகள் பெருகின. 1960 இல் குருவியைப் பகைவர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதற்குள் பெரும் பஞ்சம் தொடங்கியிருந்தது. பஞ்சத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன, இதுவும் ஒன்று. ஒரு பறவை செய்யும் சேதத்தை மட்டும் எண்ணி, அது செய்யும் உதவியை எண்ணாமல் விட்டால் கணக்குப் பிழைக்கும்.

ஆதலால் எமது குழுவின் ஒரு நோக்கம் இக்கணக்கைச் சரியாகப் பார்ப்பது. எந்தப் பறவை வயலில் என்ன தின்கின்றது என்பதைக் கண்ணால் கண்டு எழுதுவோம்.

4. குழுவாகப் போவது எப்படி?

முன்னாயத்தம்

(அ) குழு பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேற்படக்கூடாது. கூடினால் சத்தம் கூடும். மூத்தோர் மூவர், பெண்கள், இளைஞர், பிள்ளைகள் எனக் கலந்து இருக்கட்டும். கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், மறைக்கல்வி வகுப்பு ஆகியவற்றில் எதுவும் இதனை ஒழுங்கு செய்யலாம். எம்மதத்தவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளம் எல்லோருக்கும் பொது.

(ஆ) வழிகாட்டி ஒருவர் வேண்டும். அவர் பறவைப் பெயர் அனைத்தும் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. இடத்தையும் பாதையையும் அறிந்த ஒரு மீனவர் அல்லது மாடு மேய்ப்பவர் மிகப் பொருத்தமானவர். பெயர் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கூட வந்தால் நல்லது.

(இ) வழிகாட்டி முதல்நாளே சென்று பாதையைப் பார்த்து வரவேண்டும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கும், பழகாத பற்றைக்காட்டுக்கும் எக்காரணம் கொண்டும் போகக்கூடாது. பழகிய வீதி, குளக்கட்டு, வயல் வரம்பு ஆகியவற்றை விட்டு இறங்க வேண்டாம். கிராம அலுவலருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். சரணாலயமாயின் வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

(ஈ) நேரம்: விடிந்ததிலிருந்து இரண்டு மணித்தியாலம். அதன்பின் வெயில் ஏறி, கானல் எழுந்து, கண் மங்கும். வயல் வேலைக்கும் அது தடையாகாது. களப்பாயின் வற்று நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். சேறு வெளிப்படும்போதே உள்ளான்கள் மேய வரும். சூரியன் எமது முதுகுக்குப் பின்னால் இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

(உ) கொண்டு செல்ல வேண்டியவை: கொப்பி, பென்சில், குடிநீர், தொப்பி அல்லது குடை. மங்கலான நிற உடுப்பு நல்லது. வெள்ளைச் சட்டை தூரத்திலேயே பறவைக்குத் தெரிந்துவிடும். தொலைநோக்கி ஒன்று இரவல் பெற முடிந்தால் ஐந்து பேருக்கு ஒன்று போதும். இல்லாவிடினும் போகலாம். நாயைக் கூட்டிச் செல்ல வேண்டாம்.

பார்க்கும் முறை

இடத்தை அடைந்ததும் முதற் பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் இருங்கள். நாம் அடங்கினால் பறவை அடங்கும். பின்னர் ஒரு பறவையைத் தெரிந்து ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. எவ்வளவு பெரியது? ஊர்க்குருவி அளவா, மைனா அளவா, காகம் அளவா, கோழி அளவா?
2. சொண்டு எப்படி? குட்டையா, நீளமா, நேரா, வளைவா, தட்டையா?
3. கால் நீளமா, குட்டையா? என்ன நிறம்?
4. என்ன செய்கின்றது? ஓடி ஓடிப் பொறுக்குகின்றதா, நின்று குத்துகின்றதா, நீந்துகின்றதா?
5. பறக்கும்போது இறகிலும் வாலிலும் வெள்ளைக் கோடு தெரிகின்றதா? எப்படிக் குரல் கொடுக்கின்றது?

இந்த ஐந்துக்கும் விடை எழுதினால் பெயர் பின்னால் வரும். பெயரை மட்டும் கேட்டு எழுதினால் பார்த்தது மறந்துபோகும்.

ஒரு சிறுமி தன் அப்பப்பாவிடம், "அப்பப்பா, உந்தக் கோட்டான்ரை சொண்டு ஏன் இப்பிடி வளைஞ்சு கிடக்கு?" என்று கேட்கலாம். அவர், "அதுக்குச் சாப்பாடு சேத்துக்குள்ளை ஆழத்திலை கிடக்கு, பிள்ளை. பக்கத்திலை ஓடுற சின்னன் மேலை கிடக்கிறதைத்தான் பொறுக்குது. ஒண்டின்ரை பங்கை மற்றது எடுக்கேல்லை, பார்" என்று சொல்லுவார். உண்மையில் ஒரே சேற்றில் நாலு பந்தி நடக்கின்றது. கொசு உள்ளான் மேற்பரப்பில் பொறுக்கும். அதனிலும் நீண்ட சொண்டுடைய உள்ளான் ஒரு விரல் ஆழம் குத்தும். குதிரைமலைக் கோட்டான் தன் வளைந்த சொண்டை முழுவதுமாக இறக்கி எடுக்கும். பூநாரை தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து உண்ணும். இவ்விடத்தில் குழு சற்று நிற்கட்டும். 

எண்ணும் முறை

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் ஓரத்திலுள்ள பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அந்தப் பத்தும் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்பதைக் கண்ணில் அளந்துகொள்ளுங்கள். அப்படிப் பத்து இடம் சேர்ந்தால் நூறு. முழுக் கூட்டத்திலும் அப்படி எத்தனை நூறு என்று பாருங்கள். மூன்று பேர் தனித்தனியே எண்ணி, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதிப் பின் ஒப்பிடுங்கள். வேறுபாடு அதிகமெனில் மறுபடி எண்ணுங்கள். நெல் மூடைக் கணக்கைப் பிழையின்றிச் செய்யும் எமது மக்களுக்கு இது கடினமன்று.

ஒருவர் பார்க்க, ஒருவர் எண்ண, ஒருவர் எழுதட்டும். மறுமுறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். எழுத வேண்டியவை: திகதி, நேரம், இடம், காற்று, தண்ணீர் அளவு, பறவை, எண்ணிக்கை, அது என்ன செய்தது. "ஏறக்குறைய 200" என்று எழுதுவது வெட்கமன்று. காணாததைக் கண்டதாக எழுதுவதே தவறு.

5. ஒழுங்குகள்

பறவைகள் தலையை உயர்த்தினால் நில்லுங்கள். விலகி நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். பெருக்கு நேரத்தில் ஒன்றாக நின்று இளைப்பாறும் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிடக் கூடாது. பார்ப்பவருக்கு அது அழகு. பறவைக்கோ ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்த கொழுப்பு வீணாகின்றது. ஏழாயிரம் கிலோ மீற்றர் கடந்து வந்தவரை இருக்கவிடாமல் எழுப்புவது விருந்தோம்பல் ஆகாது.

இறந்து கிடக்கும் பறவையைப் பிள்ளைகள் தொடக்கூடாது. பல பறவைகள் ஒன்றாக இறந்து கிடந்தால் வனசீவராசிகள் உத்தியோகத்தருக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவியுங்கள். காலில் வளையம் இருந்தால் அதன் நிறத்தையும் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வலை விரித்தும் நஞ்சு வைத்தும் தாரா பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. 1937 ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சில இனங்கள் தவிர்ந்த அனைத்துப் பறவைகளையும் பாதுகாக்கின்றது. சட்டம் ஒருபுறமிருக்க, நஞ்சு வைத்த குளத்தில் எமது மாடு தண்ணீர் குடிக்கின்றது. எமது பிள்ளை குளிக்கின்றது. வறுமையால் பிடிப்பவரைக் குழு அவமானப்படுத்த வேண்டாம். அவரையே ஒரு நாள் வழிகாட்டியாக அழையுங்கள். அவரைவிடப் பறவையின் போக்கை அறிந்தவர் ஊரில் இருக்க மாட்டார்.

6. எழுதிய கொப்பியை என்ன செய்வது?

வீடு திரும்பி, தேநீர் குடித்தபடி, கண்டதை ஒவ்வொருவரும் ஒரு வசனத்தில் சொல்லட்டும். பின்னர் கொப்பியைப் பாடசாலையிலோ ஆலயத்திலோ பொது இடத்தில் வையுங்கள். ஒக்ரோபர் தொடக்கம் பங்குனி வரை மாதம் ஒரு முறை அதே இடத்துக்குச் சென்றால் ஆறு பக்கம் சேரும். ஐந்து ஆண்டு சேர்ந்தால் அது அந்தக் குளத்தின் வரலாறு.

இக்கணக்குக்கு வெளியிலும் மதிப்பு உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் நடைபெறுகின்றது. 1943 இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகம் எமது நாட்டில் அதனை ஒழுங்கு செய்து வந்துள்ளது. 1976 இல் தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழு கொழும்புப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இயங்குகின்றது. உங்கள் கொப்பி இவர்களுக்கும் பயன்படும்.

உங்களுக்கும் அது பயன்படும். 2020 இல் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி மின்திட்டம் திறக்கப்பட்டது. அதன் பின் வந்த திட்டங்களைப் பற்றிய வாதங்களில் பறவைகளின் பாதை முக்கிய இடம் பெற்றது. மின்சாரமும் வேண்டும், நிலமும் வேண்டும், பறவையும் வேண்டும். இவற்றுள் எது எங்கே என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் "இங்கே ஒன்றுமில்லை, வெறும் தரவை" என்று யாரேனும் சொன்னால், கையில் கொப்பி உள்ள கிராமம் எழுந்து பேசலாம். வெறும் தரவை என்று வரைபடத்தில் எழுதப்பட்ட இடத்தில் நாம் மாடு மேய்த்தோம், நண்டு பிடித்தோம், இத்தனை பறவைகளையும் எண்ணினோம் என்று காட்டலாம்.

இளைஞர்களுக்கு இதில் ஒரு தொழில் வாய்ப்பும் இருக்கின்றது. மழைக்காலம் முடியும் தறுவாயில் வெளியூர்களிலிருந்து பறவை பார்ப்போர் மன்னாருக்கு வருகின்றனர். உள்ளூர் வழிகாட்டிக்கு அவர்கள் கூலி கொடுப்பர். ஆயினும் இது ஆண்டில் சில மாதத் தொழிலே. கமத்தை விட்டுவிட்டு இதை நம்ப வேண்டாம். கமத்தோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

7. இடம்பெயர்ந்தோராகிய எமக்கு

இனி முதற் கேள்விக்கு வருவோம். வீடும் காணியும் நிலைப்படாதவர்களுக்கு இது எதற்கு?

எம்மை வலசைப் பறவைக்கு ஒப்பிட்டுப் பேசுவது சிலருக்கு வழக்கம். அந்த ஒப்புமை சரியானதன்று. பறவை தன் காலமறிந்து புறப்படுகின்றது. திரும்பும் நாளும் அதன் உடம்பில் எழுதப்பட்டிருக்கின்றது. 1990 தொடக்கம் 2009 வரை வடக்கிலிருந்து தமிழரும் முஸ்லிம்களும் புறப்பட்டது காலமறிந்தன்று. விரட்டப்பட்டும் குண்டுக்கு அஞ்சியும் புறப்பட்டோம். திரும்பும் நாள் யாருக்கும் சொல்லப்படவில்லை. திரும்பியோரிலும் பலர் தம் காணிக்கு இன்னும் போகவில்லை. இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது.

ஆனால் பறவையிடம் கற்க இரண்டு விடயங்கள் உண்டு.

முதலாவது: இடையிலுள்ள ஒரு தங்கிடம் அழிந்தாலும் முழுப் பயணமும் முறியும். மெல்லிய சொண்டுடைய கோட்டான் இனம் ஒன்று சைபீரியாவிலிருந்து மத்தியதரைக் கடற்பக்கம் வலசை போய்வந்தது. வேட்டையாலும் ஈரநிலங்கள் அழிந்ததாலும் அது அருகியது. 1995 இல் மொரோக்கோவில் கண்டதே உறுதியான கடைசிக் காட்சி. 2025 ஒக்ரோபரில் அது முற்றாக அழிந்த இனமாக அறிவிக்கப்பட்டது. எங்கோ ஒரு குளத்தைக் காப்பாற்றாதவர்கள், தாம் காணாத நாட்டிலும் ஒரு பறவையை இழக்கச் செய்தனர். அவ்வாறே, எமது சிறு குளத்தைக் காப்பது நாம் காணாத ஊர்களுக்கும் செய்யும் தொண்டு. இடம்பெயர்ந்த நாட்களில் ஊர்பேர் தெரியாதவர்கள் எமக்குத் தங்க இடம் தந்தனர். தங்கிடத்தின் பெறுமதி எமக்குத் தெரியும்.

இரண்டாவது: உள்ளான் குஞ்சு தாயின்றித் தனியே வழி கண்டு வரும் என்று கண்டோம். எமது பிள்ளைகளுக்கு அந்த வரம் இல்லை. முகாமிலும் வாடகை வீட்டிலும் பிறந்த பிள்ளைக்கு எந்தத் துரிசால் எந்த வயலுக்குத் தண்ணீர் பாயும், எந்த மரத்தடியில் பொங்கினோம், எந்தக் காற்றுக்கு எந்தப் பறவை வரும் என்பதை யாரேனும் சொல்ல வேண்டும். சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டனர். காணிப் பத்திரத்தை நகல் எடுத்து வைத்திருக்கின்றோம். இந்த அறிவுக்கு நகல் எங்கும் இல்லை. மூத்தவர் ஒருவரையும் சிறுவர் ஒருவரையும் குளக்கட்டில் இரண்டு மணி நேரம் ஒன்றாக நடக்க வைத்தால் அது கைமாறத் தொடங்கும். பறவை அதற்கு ஒரு சாட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், நல்ல சாட்டு.

வேதாகமத்தில் எரேமியா இறைவாக்கினர் எட்டாம் அதிகாரத்தில் வலசைப் பறவைகளைச் சுட்டிக்காட்டி, தம் காலத்தை அறிந்த அவற்றின் முன் மக்களை நாணச் செய்கின்றார். தம் மக்கள் நாடு கடத்தப்படப் போகின்ற நாட்களிலேயே அவர் வானத்துப் பறவைகளைக் கவனித்திருக்கின்றார். துன்ப காலத்திலும் படைப்பைக் கவனிப்பது பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இது சான்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடல், ஏழைகளின் துயரமும் பூமியின் துயரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை விளக்குகின்றது.

அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் விழா ஒக்ரோபர் 4. உலக வலசைப் பறவைகள் நாள் ஒக்ரோபர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையிலும் கொண்டாடப்படுகின்றது. இவ்விரு நாட்களுக்கும் இடையில் ஒரு காலைப் பொழுதை உங்கள் குழு ஒதுக்கட்டும். விதைப்பு மும்முரமாவதற்கு முன் அது வசதியான நேரம்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் சொந்த ஊரின் குளத்துக்கு எந்தப் பறவைகள் வரும்? மூத்தோர் சொல்ல, பிள்ளைகள் எழுதுங்கள். ஊரில் வழங்கிய பெயரையே எழுதுங்கள்.
2. இன்று நீங்கள் வாழும் இடத்தில் அவற்றுள் எவற்றைக் காண்கின்றீர்கள்? எவற்றைக் காணவில்லை?
3. வயலுக்குச் சேதம் செய்யும் பறவைகள் எவை? உதவுபவை எவை? கண்டதை மட்டும் சொல்லுங்கள்.
4. உங்கள் குளத்துக்கு அல்லது களப்புக்கு இப்போது வந்திருக்கும் ஆபத்து என்ன? அதைப் பற்றி யாரிடம், எந்த ஆதாரத்துடன் பேசலாம்?
5. முதல் நடைக்குத் திகதி, வழிகாட்டி, எழுதுபவர் ஆகியோரை இன்றே தீர்மானியுங்கள். ஐந்தாவது வினாவுக்கு விடை காணாமல் கூட்டத்தைக் கலைக்க வேண்டாம்.